மூணாம் நம்பர் மெசினில் கல்யாணச் சேலை

— நிறுத்து தங்கராஜு! மொதல்ல மெசின நிறுத்து. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

— ஏன்க்கா, இது என்ன பஸ்ஸா, கையக் காட்டினதும் நிக்கிறதுக்கு? நானூறு கிலோ துணி உள்ள ஓடிக்கிட்டிருக்கு. கறுப்பு. இப்பத்தான் சாயத்த உள்ள விட்டு முடிச்சேன்.

— அந்த நானூறு கிலோவுக்குள்ள எம் மக கல்யாணச் சேலையும் ஓடுது.

— என்னது?

— ஃபெலிசியா சேலை தம்பி. வர்ற சனிக்கிழம மாதா கோயில்ல கட்டப்போற வெள்ளச் சேலை. முந்தான ஓரம் தைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். நம்ம செக்சன் மெசின்ல தைச்சா பிசிறே வராது. பாதி தைச்சேன், சாப்பாட்டு மணி அடிச்சிருச்சி, மடிச்சி வெச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா வெறும் பை கெடக்குது.

— மடிச்சி எங்க வெச்சீங்க?

— ட்ராலி மேல.

— எந்த ட்ராலி?

— பக்கத்துல இருந்த ட்ராலிதான். மேசையில எண்ணெக் கறை இருந்துச்சி. சேலைல பட்டுடுமேன்னு…

— அலமாக்! எண்ணெ படாம காப்பாத்தி சாயத்துல போட்டுட்டீங்களா? அக்கா, பத்தொம்பது வருசமா இங்க துணிக்கு மூட்டுத் தைக்கிறீங்க. வெள்ளத் துணி ட்ராலி மேல வெள்ளச் சேலைய வெச்சா என்னா ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியாமதான் நிக்கிறேனா? திட்டுறத அப்புறம் திட்டு. இப்ப நிறுத்து.

— இருங்கலா. மெசினுக்குள்ளதான் போயிருக்குன்னு யாரு சொன்னா? வேற யாராச்சும் எடுத்து பத்திரமா வெச்சிருக்கலாம். ட்ராலியில துணி சரியாத்தான் இருந்துச்சி. உங்க சம்பந்தி எலைன் அக்காகூட லேப்லேர்ந்து எறங்கி வந்து பாத்துட்டுப் போனாங்க. துணி சுத்தமா இருக்கு, ஏத்துன்னாங்க.

— அந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பாக்கலாமா?

— பாருங்க. கன்னத்த ஒட்டாதீங்க, சுடும்.

— ஒண்ணும் தெரியலயே. ஏதோ கயிறு மாதிரி கறுகறுன்னு ஓடுது.

— கயிறேதான். பத்தொம்பது வருசத்துல ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்திருக்கீங்களா? நீங்க அந்தப் பக்கம் துண்டு துண்டா வர்றத ஒண்ணோட ஒண்ணு மூட்டி அனுப்புறீங்க. நான் இங்க அத உள்ள விட்டு, தலையையும் வாலையும் சேத்து தைச்சி விட்டுடுவேன். அப்புறம் அது பெரிய வளையம். ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. மேல ஒரு குறுகலான வாய் இருக்கு பாத்தீங்களா? பம்பு சாயத்தண்ணிய அது வழியா பீச்சி அடிக்குது. அந்த வேகம் துணிய இழுத்துட்டு ஓடுது. வேற ஒண்ணும் இழுக்கல. தண்ணியும் சுத்துது, துணியும் சுத்துது.

— எனக்கு எதுக்கு இப்ப இந்தப் பாடம்?

— கேளுங்க. முழுசா ஒரு சுத்து சுத்த ரெண்டு நிமிசம். மூட்டுல ஒரு காந்தம் வெச்சி தைச்சிருக்கு. அது கடக்குறப்ப இந்த லைட்டு மின்னும். அப்பலேர்ந்து கண்ணு கொட்டாம பாத்தா, வளையத்துல என்னென்ன இருக்கோ எல்லாம் ஒரு தடவ உங்கள கடந்துதான் போவணும். ஆங், மின்னிருச்சி. பாருங்க.

— பாக்குறேன்… ஒண்ணும் இல்ல… ஒண்ணும் இல்ல… ஐயோ! ஐயோ மாதாவே!

— என்னா?

— ஜரிகை! பளிச்சினு போச்சி தங்கராஜு. என் சேலை ஜரிகைதான். எம் புள்ள சேலை!

— தள்ளுங்க… ம். ஆமா. வெளக்கு வெளிச்சம்னு நெனச்சேன். மின்னத்தான் செய்யுது.

— இப்பவாச்சும் நிறுத்துவியா?

— அக்கா, இங்க பாருங்க, இந்த நம்பரப் பாருங்க. எழுவத்திரண்டு. நிமிசத்துக்கு ரெண்டு டிகிரி ஏறுது. எம்பதத் தொட்டா மூடி தானா பூட்டிக்கும். அப்புறம் நானே நெனச்சாலும் தெறக்காது. தெறந்தா நீங்களும் நானும் வெந்துபோவோம், அதுக்குத்தான் அந்தப் பூட்டு.

— அப்ப இன்னும் நாலு நிமிசம் இருக்குல்ல? தெற!

— தெறந்துட்டு? போன மாசம் கரண்டு போயி இதே மெசின் பாதியில நின்னுச்சி, ஞாபகம் இருக்கா? துணி மடிஞ்ச எடத்துலயே மடிஞ்சி கெடந்து, மடிப்பு மடிப்பா கோடு விழுந்து, அவ்வளவும் திட்டுத் திட்டா வந்துச்சி. கரண்டு போனது என் தப்பா? ஆனா மேனேஜர் லிம் கடுதாசி யாருக்குக் குடுத்தான்? எனக்கு. இன்னொரு லாட்டு துணி கெட்டா மூட்டைய கட்டிக்கன்னு எழுதியே குடுத்திருக்கான். எனக்கும் வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா.

— நான் லிம்முகிட்ட சொல்றேன். என் தப்புன்னு எழுதித் தரேன்.

— எழுதித் தருவீங்க. ரெண்டு பேரையும் சேத்து வெளிய அனுப்புவான்.

— தம்பி, உன்ன கையெடுத்துக் கும்பிடுறேன்.

— ஐயோ, கும்பிடாதீங்கலா! எழுவத்தஞ்சி. சரி. சரி, போனா போவுது. சாயம் இன்னும் துணிக்குள்ள எறங்கியிருக்காது. நிறுத்தி, மூட்ட வெட்டி, சேலைய உருவிட்டு மறுபடி சேத்து விட்டா, ஒருவேள கோடு விழாது… ஒருவேளதான். நீங்க அந்தக் கத்திரிய எடுங்க.

— மாதாவே! தம்பி, உனக்குக் கோடி புண்ணியம்…

— தங்கராஜு, என்ன பண்ற? எதுக்கு பட்டன்ல கை வெச்சிருக்க?

— எலைன் அக்கா! நல்லவேள வந்தீங்க. உங்க வருங்கால மருமக சேலை மெசினுக்குள்ள போயிருச்சி.

— வாட்?

— வெள்ளச் சேலைக்கா. கல்யாணச் சேலை.

— டொரத்தி, ஈஸ் திஸ் ட்ரூ? காலையில என்ன சொன்னேன் உங்ககிட்ட? கல்யாணச் சேலைய ஃபேக்டரிக்கு எடுத்துட்டு வருவாங்களா, வீட்டுல வெச்சி தைங்கன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க சம்பந்தி.

— வெள்ளிக்கிழம சாயங்காலம் எல்லார் முன்னாடியும் சேலைத் தட்டு வெக்கணும். மூவார்லேர்ந்து என் நாத்தனார் வர்றா. சேலைக்கடை வெச்சிருக்கிறவ. தட்டு கீழ எறங்கினதும் அவ செய்யிற மொத வேலை, முந்தானைய எடுத்து விரல்ல தேச்சிப் பாக்குறதுதான். அவ கேட்டா என்னன்னு சொல்லப் போறீங்க?

— அதுக்குத்தான் நிறுத்தச் சொல்றேன்…

— அக்கா, எழுவத்தேழு! சண்டைய அப்புறம் போடுங்க. டொரத்தி அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சேலை என்னா துணி? பாலியெஸ்டரா, பட்டா?

— எதுக்கு?

— எதுக்குன்னு கேக்க நேரமில்ல. பாலியெஸ்டர் கலந்திருந்தா இப்பவே நிறுத்துறேன், வேல போனாலும் போவட்டும். பட்டுன்னா நிறுத்தவே தேவையில்ல.

— தேவையில்லையா?

— இந்தச் சாயம் பாலியெஸ்டருக்குன்னே செஞ்சது. பட்டுக்குப் பிடிக்காது. பருத்திக்கும் பிடிக்காது. மேல அழுக்காட்டம் ஒட்டும், அவ்வளவுதான், கழுவினா போயிடும். எலைன் அக்காவ கேளுங்க. லேப்ல அடையாளத்துக்குப் பருத்தி நூல்லதான தைக்கிறாங்க? துணி கறுத்தாலும் தையல் வெள்ளையா நிக்கும். எழுவத்தெட்டு. சொல்லுங்கக்கா!

— அது வந்து…

— சொல்லுங்க டொரத்தி. அவன் கேக்குறான்ல.

— …பட்டு.

— கலப்பு இல்லாத பட்டா?

— சுத்தப் பட்டு. காஞ்சிபுரம்.

— அப்பாடா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சும்மா எனக்கு நெஞ்சு வலி வர வெச்சீங்க. சுத்தப் பட்டுன்னா பயமே இல்ல. நூலு கொஞ்சம் தளரும், ஜரிகை மங்கும். வெளிய வந்ததும் சோப்பு போட்டு அலசித் தரேன்.

— கேட்டீங்கல்ல டொரத்தி? ஓட விடு தங்கராஜு. நான் மேல போறேன், லேப்ல வேல இருக்கு. தெறக்குறப்ப கூப்பிடு, கலர் பாக்கணும்.

— சரிக்கா… ஆங், கேட்டுச்சா சத்தம்? டக்குன்னு. மூடி பூட்டிக்கிச்சி. இனிமே நம்ம கையில இல்ல. ஒக்காருங்க டொரத்தி அக்கா. ஏன் மூஞ்சி இப்படி போவுது?

*

— தங்கராஜு.

— இன்னும் போவலயா நீங்க? மூட்டுத் தைக்கிறவங்க இல்லாம அங்க துணி குமிஞ்சி கெடக்கும்.

— இப்ப எவ்வளவு?

— தொண்ணூத்தாறு.

— எறக்க முடியாதா? பச்சத்தண்ணிய விட்டு சட்டுனு குளிர வெச்சி…

— ஏன்க்கா? ஏன்? அதான் பட்டுக்குப் பிடிக்காதுன்னு சொல்லிட்டேனே. சட்டுனு குளிர வெச்சா சூட்டுல இருக்குற துணி அப்படியே சுருங்கி வரி விழுந்துரும். இஸ்திரி போட்டாலும் போவாத வரி. நானூறு கிலோ கறுப்பும் சுருங்கிப்போன கெழவன் மூஞ்சி மாதிரி வந்து நிக்கும்.

— ஒருவேள கொஞ்சூண்டு கலப்பு இருந்துச்சின்னா?

— சுத்தப் பட்டுன்னீங்க.

— கடக்காரன் சொன்னதுதான? நான் என்ன கண்டேன்?

— அக்கா, பொறுமையா கேக்குறேன். பட்டுன்னா பயம் எதுக்கு? கலப்புன்னா அப்ப ஏன் சொல்லல? எதாவது ஒரு பக்கம் நில்லுங்கலா.

— நூறு தாண்டினா என்னா ஆகும்?

— தண்ணி கொதிக்கணும், கொதிக்காது. மூடின பாத்திரம், உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போவும். பாலியெஸ்டர் நூலு சாதாரண சூட்டுல கதவ சாத்திக்கிட்டு இருக்கிற வீடு மாதிரி. எவ்வளவு சாயம் ஊத்தினாலும் வாசல்லயே நிக்கும். நூறு தாண்டினா கதவு மெல்லத் தெறக்கும். நூத்தி முப்பதுல அகலமா தெறந்துரும். சாயம் உள்ள போயி ஒக்காந்துக்கும். அப்புறம் நான் மெதுவா குளிர வெப்பேன், கதவு மூடிக்கும். உள்ள போனது போனதுதான். நீங்க எந்தச் சோப்பப் போட்டாலும் வெளிய வராது.

— வரவே வராதா?

— இந்தக் கம்பெனியே அத வெச்சித்தானக்கா பொழைக்குது!

— அந்த லைட்டு மின்னிருச்சி. எட்டிப் பாக்குறேன்… தங்கராஜு, அது போன தடவ சாம்பலா தெரிஞ்சிச்சி. இப்ப இன்னும் இருட்டா போவுது.

— அழுக்குக்கா. ஒட்டின அழுக்கு. கழுவினா போயிரும்.

— போவாது.

— போவும்னு சொல்றேன்ல.

— போவாது தம்பி. அது பட்டு இல்ல.

— …என்னா சொன்னீங்க?

— பட்டு இல்ல. பாலியெஸ்டர். சுத்தமா பாலியெஸ்டர். பட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஜொகூர் பாருல வாங்கினேன். காஞ்சிபுரத்த நான் கண்ணால கண்டதே இல்ல.

— அக்கா…

— சத்தம் போடாத.

— சத்தம் போடாம? அக்கா! எழுவத்தெட்டுல கேட்டேன்! கைய பட்டன்ல வெச்சிக்கிட்டுக் கேட்டேன்! பாலியெஸ்டருன்னா வேல போனாலும் நிறுத்துறேன்னு சொன்னேன். ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் சேல உங்க கையில இருந்திருக்கும். இப்ப நூத்தி நாலுல வந்து நின்னுகிட்டு சொல்றீங்க!

— எப்படிச் சொல்றது? அவ நின்னுக்கிட்டிருந்தா.

— எவ?

— எலைன்தான். வேற எவ? சரியா அந்த நேரத்துக்குன்னு வந்து நின்னா பாரு. நீ வேற அவ முன்னாடியே பட்டா பாலியெஸ்டரான்னு கேக்குற. நான் என்னன்னு சொல்லுவேன்?

— உள்ளத சொல்றது! சம்பந்தி ஆவப்போறவங்கதான? பாலியெஸ்டர் கட்டினா கல்யாணம் செல்லாதுன்னு ஃபாதர் சொல்லிட்டாரா?

— உனக்குத் தெரியாது. நிச்சயத்துக்கு அந்த மூவார் நாத்தனார் வந்தா. சாப்புட்டுக்கிட்டே கேக்குறா, பொண்ணு வீடு பெக்கோக் தோட்டமாமே, அங்கல்லாம் இன்னும் லயத்து வீட்டுலதான் இருக்காங்களான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. மாப்பிள பிராண்டன் சிரிக்கல, எலைனும் சிரிக்கல. ஆனா ஒரு வார்த்தையும் சொல்லல. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சி. கோயில் சேல எங்க வீட்டுதுங்க, காஞ்சிபுரம் சுத்தப் பட்டுன்னுட்டேன். வாயில வந்துருச்சி. வந்தத திரும்ப எடுக்க முடியல.

— அதுக்கு?

— அதுக்கப்புறம் கடகடயா ஏறி எறங்கினேன். எம் புருசன் இருந்திருந்தா எதயாச்சும் வித்தாவது வாங்கியிருப்பாரு. என்னால முடியல. கடசியா ஒரு கடயில இதப் பாத்தேன். வெள்ள வெளேர்னு, சன்னமா ஜரிக வெச்சி. யாருக்குத் தெரியப்போவுதுன்னு வாங்கிட்டேன். ஃபெலிசியாவுக்கே தெரியாது. அம்மா, இவ்வளவு செலவு எதுக்கும்மான்னு கட்டிப்பிடிச்சி அழுதா. அவகிட்டயும் பொய்தான் சொன்னேன்.

— துணிக் கம்பெனியில வேல செய்யிறவங்க வீட்டுக்கு, பாலியெஸ்டர பட்டுன்னு சொல்லிக் குடுக்கப் பாத்தீங்களா? எலைன் அக்கா யாரு? முப்பது வருசமா லேப்ல. கண்ண மூடிக்கிட்டு துணியத் தொட்டு இது என்ன நூலுன்னு சொல்ற ஆளு!

— அதான் திங்கக்கிழம கேன்டீன்ல வெச்சி காட்டினேனே. கையில வாங்கினா, தடவினா, திருப்பி மறுபடி தடவினா. அப்புறம், நல்ல பட்டு டொரத்தின்னு மடிச்சிக் குடுத்துட்டா. அவளே ஏமாந்துட்டா, இனிமே எவ கண்டுபிடிக்கப் போறான்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

— இப்ப மெசினு கண்டுபிடிச்சிரும். பட்டுன்னா வெளுப்பா வரணும். கறேல்னு வந்துச்சின்னா பச்சப்புள்ளைக்கும் தெரிஞ்சிரும்.

— அதான் தம்பி. அதான் அப்பலேர்ந்து கத்துறேன். சேல போனாகூட போவட்டும். அவ கண்ணுல படக்கூடாது. தெறந்ததும் மொதல்ல எனக்கு வெட்டிக் குடுத்துரு. பையில சுத்தி எடுத்துட்டு ஓடிர்றேன். தொலஞ்சி போச்சின்னு சொல்லிக்கிறேன்.

— இன்னொரு பொய்யா?

— ஆமா இன்னொரு பொய். உனக்கென்ன, கணக்கா எடுக்குற?

— நூத்தி பத்து. போங்கக்கா, போயி வேலய பாருங்க. நீங்க இங்க நின்னா எனக்கு மண்டைக்குள்ள நூத்தி முப்பது ஏறிடும்.

*

— டொரத்தி அக்கா! சீக்கிரம் வாங்க. எம்பதுக்கு எறங்கிருச்சி, பூட்டு விட்டுருச்சி. நான் எலைன் அக்காவக் கூப்பிடல. துணிய வெளிய இழுத்துட்டேன். காந்தத்துக்கப்புறம் மூணாவது துண்டு. இந்தாங்க, இதான்.

— மாதாவே.

— பாருங்க, ஒரு திட்டு இல்ல, ஒரு கோடு இல்ல. எப்படி பிடிச்சிருக்கு! இவ்வளவு நல்ல கறுப்பு இந்த மாசத்துல நான் பாக்கல. ஜரிகதான் ஈயம் மாதிரி ஆயிருச்சி.

— சந்தோசமா சொல்ற?

— இல்லக்கா, வந்து… தொழில் புத்தி. மன்னிச்சிருங்க. பைய விரிங்க, ரெண்டு பக்கமும் மூட்ட வெட்டித் தரேன்.

— சீக்கிரம்.

— என்ன, என்னைக் கூப்பிடாமலே தெறந்துட்டியா?

— எலைன் அக்கா! இப்பத்தான்… கூப்பிடலாம்னுதான்…

— நகரு. டொரத்தி, அத ஏன் மறைக்கிறீங்க? காட்டுங்க.

— வேணாம் சம்பந்தி. பாக்காதீங்க.

— குடுங்க இங்க… ம்.

— சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும். அந்தச் சேல…

— அநியாயமா போச்சு, டொரத்தி. நல்ல பட்டு.

— என்னது?

— நல்ல பட்டுன்னு சொன்னேன். வீணாப் போயிருச்சி. இவ்வளவு கறுப்பா பிடிச்சிருக்கே, இனி கழுவினாலும் வராது. என்ன தங்கராஜு, பட்டுக்குப் பிடிக்காதுன்ன?

— அது… ஆமாக்கா. சில… சில பட்டு பிடிக்கும்க்கா. சூடு அதிகமா இருந்தா.

— ஆமா. சில பட்டு பிடிக்கும். நானும் பாத்திருக்கேன்.

— சம்பந்தி…

— லிசன், டொரத்தி. இப்ப அழுது என்ன பிரயோஜனம்? நான்தான் சொன்னேனே, ஃபேக்டரிக்கு எடுத்துட்டு வராதீங்கன்னு. பேச்சக் கேட்டாத்தான? பெர்மாஸ் ஜெயா வீட்டுல என் அலமாரியில நான் கோயில்ல கட்டின சேலை இருக்கு. வெள்ள. முப்பத்தோரு வருசமா சும்மா மடிச்சி வெச்சிருக்கேன். எனக்குப் பொண்ணு கெடையாது. நாளைக்கு ஃபெலிசியாவ வந்து கட்டிப் பாக்கச் சொல்லுங்க.

— வேணாங்க, அது உங்க…

— கட்டிப் பாக்கச் சொல்லுங்கன்னேன். ஜாக்கெட் தைக்க ரெண்டு நாள்தான் இருக்கு, சும்மா வேணாம் வேணாம்னா எனக்குக் கோவம் வரும். நாத்தனாருக்கு நான் சொல்லிக்கிறேன். பொண்ணு வீட்டுல காஞ்சிபுரம் எடுத்தாங்க, மெசின்ல மாட்டிக்கிச்சி, நானே பாத்தேன்னு. என் கண்ணால பாத்தேன்னா அதுக்கு மேல அவ கேக்க மாட்டா.

— ஏன் சம்பந்தி இதெல்லாம்…

— ஏன்னா கல்யாணம் சனிக்கிழம. போதுமா? தங்கராஜு, கறுப்பு ஓகே. கையெழுத்துப் போட்டுட்டேன். லிம் கேட்டா லாட்டுல குறையே இல்லன்னு சொல்லு. நான் வர்றேன்.

*

— போயிட்டாங்களா?

— படி ஏறிட்டாங்க.

— அலமாக்! தப்பிச்சோம்க்கா! லாட்டும் தப்பிச்சிச்சி, நீங்களும் தப்பிச்சீங்க. எனக்குச் சிரிப்புதான் வருது. முப்பது வருசம் லேப்ல இருந்துட்டு, சில பட்டு பிடிக்குமாம்! நான் வாயில வந்தத ஒளறினா அதுக்கு ஆமா வேற. வயசாயிருச்சி போல, கை மரத்துருச்சி. சிரிங்கக்கா. சேலை போனா என்ன, நிஜப் பட்டு வருது!

— மூட்ட வெட்டிக் குடு. நான் போறேன்.

— இருங்க, வெட்டுறேன். ஏன்க்கா, இது என்னா மூட்டு?

— என்னா?

— மத்த மூட்டெல்லாம் பாருங்க, நீங்க தைச்சது. தையலும் துணியோட சேந்து கறுத்துருச்சி, தேடினாத்தான் தெரியுது. இந்தச் சேலையோட ரெண்டு பக்க மூட்டும் பல்லக் காட்டிக்கிட்டு வெள்ளையா நிக்குது. கைத்தையல் வேற. ரெட்ட நூல் போட்டு, நெருக்கி நெருக்கி. தொட்டுப் பாருங்க, பருத்தி நூலு.

— எங்க செக்சன்ல பருத்தி நூலு கெடயாது.

— தெரியுமே. அப்ப இது தானா ட்ராலியில விழுந்து போவலக்கா! தானா விழுந்தா மடிப்பா கெடந்திருக்கும், வளையத்துல சேராது. யாரோ வேணும்னே எடுத்து, ரெண்டு பக்கமும் ஒக்காந்து தைச்சி விட்டிருக்காங்க. யாருக்கா அது? அந்த மாதிரி கெட்ட மனசு யாருக்கு? உங்களுக்கு யாரோடயாச்சும் பகையா?

— இல்ல.

— விடக்கூடாதுக்கா இத. பருத்தி நூலு லேப்ல மட்டும்தான் இருக்கு. அங்கேர்ந்து யாரு எடுத்துட்டு வந்தாங்கன்னு கேட்டா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும். இருங்க, எலைன் அக்காவ கூப்புடுறேன். எலைன் அக்கா! எலை…

— கூப்புடாத தங்கராஜு.

— ஏன்க்கா? அவங்க ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாங்க.

— கூப்புடாத. திங்கக்கிழம கையில வாங்கினப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சி. அந்த நாத்தனார் விரலுக்கு இந்தச் சேல போவக்கூடாதுன்னு அவங்களே ஒக்காந்து தைச்சி விட்டிருக்காங்க. காலையிலேர்ந்து என் ஒரு பொய்ய காப்பாத்த எத்தன பொய் சொல்லிட்டாங்க, பாவம். நீ கூப்பிட்டுக் கேட்டா இன்னொண்ணு சொல்லணும்.